சிறிய நாற்சக்கர இயக்க ஊர்தி மலைப்பாதைக்கு எவ்வளவு ஏற்றது?

இமாசலப் பிரதேசத்தில் கிராம்பூ என்னுமிடத்திலிருந்து சந்திரா ஆற்றை ஒட்டிச் சென்று, சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து, ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் காசா நகரை அடையும் பாதை, பாறைத் துண்டுகள் நிறைந்த கரடுமுரடான பகுதிகளுக்குப் பெயர் பெற்றது. அதன் குறுக்கே பாயும் ஓடைகள் பனியுருகலால் நீர் பெறுவன. காலையில் கணுக்கால் அளவே ஓடும் நீர், வெயில் ஏறியபின் முழங்காலைத் தாண்டிக் கற்களையும் புரட்டிக்கொண்டு வருவதுண்டு. தடுப்பூசி, நில அளவை, பள்ளி ஆய்வு போன்ற பணிகளின் பொருட்டு இத்தகைய பாதைகளில் செல்வோர்க்கு, ஊர்தியின் இயல்பை அறிவது வெறும் ஆர்வத்தைச் சார்ந்ததன்று. நடு ஓடையில் நின்றுவிட்ட வண்டிக்கு உதவி வர மறுநாள் ஆகக்கூடும்.

முன்னர் இப்பணிகளுக்குப் பெரிதும் உபயோகிக்கப்பட்டது மாருதி ஜிப்சி. 1985இல் வெளிவந்து, 2019ஆம் ஆண்டளவில் பொது விற்பனையிலிருந்து விலகிய இவ்வண்டி, ஏணி போன்ற எஃகுச் சட்டகத்தின் மீது கூண்டைப் பொருத்தி அமைக்கப்பட்டது. கிராஸ்ஓவர் எனப்படும் வகையின் அமைப்பு வேறு. அதில் தனிச் சட்டகம் இல்லை. சாதாரணக் காரைப் போலக் கூண்டே பாரத்தைத் தாங்குகிறது. காரினும் உயரமாக நிற்கும் இவ்வகை ஊர்திகளுள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்கள் மட்டுமே உந்தப்படுகின்றன. தோற்றத்தைக் கண்டு அவற்றை மலைக்கு ஏற்றவை எனக் கருதுவோர் பலர். உண்மையில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சிறிய கிராஸ்ஓவர்கள் நம் நாட்டில் மிகச் சில. அவற்றுள் 2014இல் அறிமுகமான ரெனோ டஸ்டரின் நாற்சக்கர இயக்க வகை எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். 2020இல் புகை வெளியீட்டு விதிகள் மாறியபோது அதன் டீசல் இயந்திரம் நிறுத்தப்பட்டதாயினும், அவ்வண்டிகள் பல மலை மாவட்டங்களில் ஓடுகின்றன.

இதன் செயல்முறை எளிது. இயந்திரத்தின் விசை வழக்கம்போல் முன்சக்கரங்களுக்குச் செல்கிறது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின்னோக்கிச் சென்று, பின் அச்சுக்கு முன்னால் மின்காந்தத்தால் இயங்கும் ஒரு பிணைப்புக் கருவியில் முடிகிறது. அக்கருவியினுள் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக உள்ளன. மின்சாரம் பாயும்போது தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்க, பின்சக்கரங்களும் உந்தப்படுகின்றன. தானியங்கு நிலையில், முன்சக்கரம் வழுக்குவதை உணர் கருவிகள் கண்டறிந்தபின் இப்பிணைப்பு ஏற்படும். ஓட்டுநர் 'லாக்' நிலையைத் தேர்ந்தால் விசை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பகிரப்படும். வேகம் கூடியதும் அந்நிலை தானே விலகிவிடும்.

இவ்வமைப்பின் நன்மைகள் சாதாரணமானவை அல்ல. களப்பணியாளர் கடக்கும் தூரத்தில் மிகப்பெரும் பகுதி தார்ச்சாலையே ஆகும். அங்கே கிராஸ்ஓவர் காரைப் போலவே நிலையாக ஓடும். எரிபொருளையும் அளவாகவே செலவிடும். டஸ்டரின் இவ்வகையில் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் அசையும் அமைப்பு உள்ளது. இதனால் ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது வண்டி முழுவதும் குலுங்குவதில்லை. பட்டை வில்களின் மீது எட்டு மணி நேரம் அமர்ந்து வந்தவர், இறங்கியவுடன் தம் வேலையைத் தொடங்கும் நிலையில் இருப்பதில்லை என்பதை ஜிப்சியில் சென்றோர் நன்கறிவர். தரை இடைவெளியோ இரண்டிலும் 200 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. முன்புறம் சுமார் 30 பாகைச் சரிவை இடிபடாமல் அணுகலாம். சேற்றிலும் புதிய பனியிலும், முன்சக்கரங்கள் மட்டும் உந்தும் வண்டி சுழன்று நிற்குமிடத்தில், இது அமைதியாக ஏறிவிடும்.

குறைகளுள் முதன்மையானது தாழ்நிலைக் கியர் இல்லாமை. ஜிப்சியிலும், 2023இல் ஐந்து கதவுகளுடன் நம் நாட்டில் வெளிவந்த ஜிம்னியிலும், ஒரு துணைப் பல்லிணைப்பெட்டி உண்டு. ஜிம்னியின் பெட்டி சக்கர வேகத்தைப் பாதியாக்கி, உந்து விசையை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. டஸ்டரில் அதற்கு மாற்றாக முதற்கியரையே மிகக் குறுகியதாக அமைத்தனர்: இயந்திரம் நிமிடத்திற்கு 1,000 சுற்றுச் சுழலும்போது வண்டி மணிக்கு ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர் செல்லும். இது மனிதன் விரைந்து நடக்கும் வேகம். ஆயினும் பாறைகளின் மீது அங்குலம் அங்குலமாக ஏற இவ்வேகமும் அதிகமே. ஆதலின் ஓட்டுநர் கிளச்சைப் பாதி அழுத்தியபடி ஓட்டத் தலைப்படுகிறார். கிளச்சு சூடேறி எரிகிறது. உயரமும் இதற்குத் துணை போகிறது. 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. டர்போ பூட்டிய டீசல் இயந்திரம் ஓடும்போது இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்யும். ஆனால் டர்போ சுழலத் தொடங்குமுன், அதாவது செங்குத்தான வளைவில் நின்று மீண்டும் கிளம்பும் அக்கணத்தில், இயந்திரம் மிகவும் தளர்ந்திருக்கும்.

பிணைப்புக் கருவிக்கும் வெப்பமே பகை. ஆழ்மணலிலோ சேற்றிலோ நெடுநேரம் சக்கரங்களைச் சுழலவிட்டால் தட்டுகள் காய்ந்து, எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு வண்டி முன்சக்கர இயக்கத்துக்குத் திரும்பிவிடும். அது கோளாறு அன்று, தற்காப்பு. நிறுத்தி ஆறவிடுவதே முறை. இரண்டு சக்கரங்கள் மூலைவிட்டமாக அந்தரத்தில் தொங்கும் நிலையும் உண்டு. டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி எளிதாகச் சுழலும் சக்கரத்திற்கே இயக்கத்தை விட்டுக்கொடுப்பதால், காற்றில் தொங்குவன சுழல, தரையிலுள்ளவை நிற்கும். சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடிக்கும் மின்னணு ஏற்பாடு ஓரளவு உதவும்.

ஆபத்து மிக்க தவறெண்ணம் ஒன்றுண்டு. நாற்சக்கர இயக்கம் உள்ள வண்டி பனிக்கட்டியில் நன்றாக நிற்கும் எனப் பலர் நம்புகின்றனர். எல்லா வண்டிகளிலும் பிரேக்கு நான்கு சக்கரங்களிலும் இயங்குகிறது. நிற்பதை முடிவு செய்வது டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வே. பள்ளியில் இதை எளிதில் காட்டலாம். ஒரே வகைச் சக்கரங்கள் கொண்ட இரு பொம்மை வண்டிகளை எடுத்து, ஒன்று சாவியால் ஓடுவதாகவும் மற்றது வெறும் வண்டியாகவும் இருக்க, சக்கரங்களை நூலால் கட்டிப் பலகை மீது வைத்து மெல்லச் சாய்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வில் வழுக்கும். நாற்சக்கர இயக்கம் ஏறுவதற்கு உதவுவதால் ஓட்டுநர் பனிப்பாதையில் மேலும் உயரே துணிந்து செல்கிறார். இறங்கும்போதுதான் அத்துணிவின் விலை தெரிகிறது. சாலைக்கென அமைந்த டயர்களோடு இவ்வண்டியைப் பனியில் செலுத்துவதினும், பனிச்சங்கிலி பூட்டிய சாதாரண வண்டி மேல்.

ஓடையைக் கடக்குமுன் ஒருவர் கோலுடன் நடந்து ஆழம் பார்த்தல் வேண்டும். இயந்திரம் நீரில் நின்றுவிட்டால் உடனே கிளப்ப முயலலாகாது. உருளையினுள் புகுந்த நீர் அமுங்காத தன்மையது. ஆதலால் பிஸ்டனை இயக்கும் தண்டு வளைந்துவிடும்.

ஆக, மாவட்டத் தலைநகரிலிருந்து புறப்பட்டு, நூறு கிலோமீட்டர் சாலையில் சென்று, கடைசிப் பத்துக் கிலோமீட்டர் மட்டும் கெட்ட பாதையில் போய் மாலையில் திரும்பும் அலுவலர்க்குச் சிறிய கிராஸ்ஓவரே தகும். ஸ்பிதி போன்ற இடத்தில் ஆண்டு முழுவதும் தங்கி உழைக்க வேண்டிய வண்டிக்குச் சட்டகமும் தாழ்நிலைக் கியரும் கொண்டதே பொருந்தும். ஆனால் அங்கும் ஒரு சிக்கல் உள்ளது. ஐந்து கதவு ஜிம்னியில் பின் இருக்கையை மடிக்காதபோது சாமான் இடம் 208 லிட்டர் மட்டுமே. டஸ்டரின் நாற்சக்கர வகையில், உபரிச் சக்கரம் உள்ளே இடம் பிடித்தபின்னும், 400 லிட்டருக்குச் சற்று மேல் எஞ்சுகிறது. நான்கு பேரும் ஒரு தடுப்பூசிக் குளிர்பெட்டியும் செல்ல வேண்டிய நாளில், ஜிம்னியின் கூரைமேல் சட்டம் பொருத்தியாக வேண்டும்.