அப்பீல் இல்லாத தீர்ப்பு

ஸ்விட்ஸர்லாந்து, பிரான்ஸ் ஆகிய இரு தேசங்களின் எல்லைக்கடியில், ஜினீவாவுக்கருகே, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டுச் செர்ன் ஸ்தாபனத்தார் செய்யும் பரிசோதனைகளை நேயர்கள் அறிவார்கள். 2012-ம் வருஷத்தில் ஹிக்ஸ் துகள் அகப்பட்ட செய்தியும் பிரசித்தமானதே. ஆனால் அம்மோதல்களில் மிகப் பெரும்பகுதி எவர் கண்ணிலும் படாமலே அழிக்கப்படுகிறதென்ற விஷயம் அவ்வளவு பிரசித்தமன்று.

புரோட்டான் கூட்டங்கள் விநாடிக்கு 4 கோடி தடவை வரை ஒன்றையொன்று ஊடுருவுகின்றன. அத்தனையையும் எழுதிவைத்தல் அசாத்தியம். எனவே எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதை யந்திரமே தீர்மானிக்கிறது; அதற்கு 'டிரிகர்' என்று பெயர். நீதி ஸ்தலத்தில் தோற்றவனுக்கு அப்பீல் உண்டு. இங்கே கிடையாது.

எல்.எச்.ஸி.பி. என்னும் பரிசோதனையின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 2018 வரை அதில் முதற்கட்ட மின்சுற்றுகள், கதிர்ப்பாதைக்குக் குறுக்கே மிகுந்த சக்தியுடன் பாயும் துகள் உண்டா என்பதையே பிரதானமாகப் பார்த்தன. விநாடிக்குச் சுமார் 10 லட்சம் மோதல்களுக்கு மேல் உள்ளே விட வழியில்லை. மோதல்களைப் பெருக்கினாலோ, அவ்வரம்புக்குள் அடங்கும்பொருட்டுச் சக்தியின் அளவை உயர்த்த வேண்டும். உயர்த்தினால், எதைத் தேடுகிறார்களோ அந்தச் சிதைவுகளே பெருவாரியாக வெளியே தள்ளப்படும். வாசற்சேவகன் உடையைப் பார்த்து மனுதாரரை விரட்டிவிட்டால், உள்ளே எவ்வளவு நியாயமான நீதிபதி வீற்றிருந்தென்ன?

அவர்கள் சேவகனையே நீக்கிவிட்டார்கள். 2022-ல் மறுபடி மோதல் தொடங்கியபோது முதற்கட்டச் சுற்று இல்லை. விநாடிக்குச் சுமார் 3 கோடி மோதல்களின் தகவல் முழுவதும், ஏறக்குறைய 4 டெராபைட், கண்ணாடியிழைகளின் வழியே தரைக்கு மேலே கொண்டுவரப்பட்டது. வீடியோ விளையாட்டுகளுக்காகப் பிறந்த ஜி.பி.யு. சில்லுகளில் ஓடும் புரோகிராம், துகள்களின் பாதைகளை வரைந்து பார்த்த பிறகே தீர்ப்புக் கூறிற்று. விளையாட்டுக்கு வந்த சாமான் விஞ்ஞானத்துக்கு உதவிற்றென்பதில் நமக்குச் சந்தோஷமே.

அட்லஸ், ஸி.எம்.எஸ். என்ற பெரிய பரிசோதனைகள் இவ்வழியில் முற்றும் செல்ல இயலாது. அவற்றில் ஒவ்வொரு மோதலின் பதிவும் பன்மடங்கு பெரிது. 2030-ஐ உத்தேசித்து வகுத்த திட்டப்படி, ஒரே ஊடுருவலில் 200 மோதல்கள் வரை ஒன்றின்மேலொன்றாக விழும். ஆகையால் ஸி.எம்.எஸ்.ஸில் முதற்கட்டத்துக்கு விநாடியில் பத்து லட்சத்தில் 4 பங்காக இருந்த அவகாசத்தை 12.5 பங்காக்கவும், விநாடிக்கு 1 லட்சமாக இருந்த வரம்பை 7.5 லட்சமாக்கவும் தீர்மானித்திருக்கிறார்கள்.

இச்செலவை வீணென்பாருடன் நாம் சேரோம். 2017 முதல் இந்தியாவும் செர்னின் இணை அங்கத்தினராகிச் சந்தா செலுத்துவதால், நமக்கும் இதில் பேச்சுரிமையுண்டு. ஆயினும் சுற்று போய்ப் புரோகிராம் வந்ததனால் தீர்ப்பே ஒழிந்துவிட்டதென்று எவரும் எண்ணலாகாது. புரோகிராமை நாளைக்குத் திருத்தலாம். நேற்றுத் தள்ளியதை எவராலும் மீட்க முடியாது. விதி எழுதியவர் கனவிலும் கருதாத துகள் ஒன்று வந்தால் அவ்விதி அதனை உள்ளே விடுமா? எந்த நிபந்தனையுமின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மோதல்களை எடுத்துவைக்கும் வழக்கம் இப்பரிசோதனைகளில் உண்டு. சிக்கனத்தின் பேரால் அதில் மட்டும் கைவைக்கக் கூடாதென்பதே நமது அபிப்பிராயம்.