பெரிய ரயிலுக்கு ஒன்று, சின்ன ரயிலுக்கு ஒன்று

டெல்லியிலிருந்து வந்து மதுரைக்குப் போகிறவர் பெரும்பாலும் சென்னை சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோவுக்குப் பேரம் பேசி, எழும்பூருக்கு ஓடவேண்டும். ஒரே ஊரில் எதற்கு இரண்டு பெரிய நிலையம் என்று சலித்துக்கொள்ளாத பயணி உண்டா?

பதில் தண்டவாளத்தில் கிடக்கிறது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்டது ஐந்தரை அடி அகலப்பாதை. தெற்கே வண்டி ஓட்டிய தென்னிந்திய ரயில்வேயோ மீட்டர் கேஜ். ஒருவர் பாதையில் மற்றவர் வண்டி ஏறாது. அதனால் வாசலும் தனித்தனியாயிற்று.

மெட்ராஸ் ரயில்வேயின் முதல் வாசல் ராயபுரம். 1856-ல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. அதற்கு மூன்றாண்டு முன்பே பம்பாயில் ரயில் வந்துவிட்டது என்றாலும், அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரம் நிற்கிறது. உயர்ந்த தூண்களோடு வெள்ளைக்காரத் துரையின் பங்களா மாதிரி இருக்கும். நம் ஊரோடு ஒட்டிக்கொள்ள அது முயலவே இல்லை.

1873-ல் அதன் அடுத்த வாசலாக வந்த சென்ட்ரலை ஜார்ஜ் ஹார்டிங் கோதிக் பாணியில் வரைந்தார். பிறகு ராபர்ட் சிஸோம் கை வைத்தார். திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம் கட்டியவர் அவர். சென்ட்ரல் கோபுரங்களின் தலையில் திருவிதாங்கூர்ச் சாயல் ஏறியதில் வியப்பில்லை. நாலு பக்கமும் முகம் காட்டும் மணிக்கூண்டுதான் ஊரார் கண்ணில் நின்றது.

ஆனால் அழகென்றால் எனக்குத் தென்னிந்திய ரயில்வேயின் எழும்பூர்தான். 1905-ல் வேலை தொடங்கி, 1908 ஜூனில் திறந்தார்கள். செலவு 17 லட்சம் ரூபாய். வரைந்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் பெங்களூர் கான்ட்ராக்டர் சாமிநாத பிள்ளை. அதே ஆண்டுகளில் மைசூர் அரண்மனையும் இர்வின் வரைபடத்தில்தான் எழுந்துகொண்டிருந்தது. இரண்டிலும் இந்தோ-சாரசெனிக் குவிமாடங்கள். தஞ்சைக்கும் மதுரைக்கும் ஆள் ஏற்றும் நிலையத்துக்கு முகலாய மகுடம்! இந்தியத் தோற்றம் வேண்டுமென்றால் அன்றைய துரைமார்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது வடக்குதான் போலும்.

1951-ல் ரயில்வேக்கள் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. மீட்டர் கேஜும் எழும்பூரை விட்டுப் போய்விட்டது. இப்போது சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம்.