பர்மிட் பேப்பரை நாமும் படிப்போம்!

குறுவை பொய்த்தாலும் சரி, சம்பா வெள்ளத்தில் மூழ்கினாலும் சரி, எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் அடுத்த பேச்சு, "சிங்கப்பூருக்கு அனுப்பிடலாமா?" என்பதுதான். அதற்குக் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுப்பது நாம். பேப்பரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துப்பாங்க" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஏன் சகோதரிகளே?

அந்த ஊர் முதலாளி அப்படி விட்டுவிடுகிறாரா? பாஸ்போர்ட், வயது, சான்றிதழ் எல்லாம் பார்க்கிறார். கட்டட வேலை என்றால் நம் ஆட்கள் 'டெஸ்ட் அடித்து' பாஸாக வேண்டும். போய் இறங்கியதும் மெடிக்கல், கைரேகை. காரணம், பர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கே 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம். ஓராண்டு வரை சிறையும் உண்டு. பொய்ச் சான்றிதழ் காட்டும் தொழிலாளிக்கும் ஜெயில்தான். "சர்டிபிகேட் நானே ரெடி பண்றேன்" என்று ஏஜெண்ட் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அவர்கள் நம்மைச் சோதிப்பது போல நாமும் சோதிப்போம். முதலாளி விண்ணப்பித்து, சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் கொடுக்கும் 'ஐ.பி.ஏ.' கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். புறப்படுமுன் அது தமிழிலும் கைக்கு வர வேண்டும். சம்பளம், பிடித்தம், ஏஜெண்ட் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். வாயால் சொன்ன சம்பளம் செல்லாது. பேப்பரில் உள்ளதுதான் செல்லும். கடிதம் நிஜமா என்று அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். படிக்கிற பிள்ளையிடம் செல்போனைக் கொடுத்தால் பார்த்துச் சொல்லிவிடும். ஒரு ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் வையுங்கள். நாளை சம்பளத்தில் தகராறு என்றால் அதுதான் சாட்சி.

ஏஜெண்ட் நம் அரசிடம் பதிவு செய்தவரா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர் 10-ஆம் வகுப்பு தேறாதவர் என்றால், பெரும்பாலும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதற்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

"டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, பட்ட பாடு கொஞ்சமல்ல.

மாப்பிள்ளை பார்க்க நாலு ஊரில் விசாரிக்கிற நாம், வேலை கொடுப்பவனையும் விசாரிக்க வேண்டாமா?

— ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி.