கேம்ப் ரோடு வக்கீல்கள் – 9
கெசட் படிக்காத குற்றம்

போன வாரம் தாய்ப் பத்திரத்தில் நின்றோம். செக்குபந்தி மாறிப் போன அந்த ராஜகீழ்ப்பாக்கத்து மனை என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதியவர்களுக்கு: வாய்தா தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளவும்.

இந்த வாரம் இலவச சட்ட உதவியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். மேஜை மேல் சேலையூர்க் குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்றின் லெட்டர்பேடு கிடந்தது. மேலே பதிவு எண். இடது ஓரத்தில் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரிசையாகப் பெயர்கள். எல்லாருக்கும் கீழே, இருப்பதிலேயே சின்ன எழுத்தில், சட்ட ஆலோசகர். அங்கேயே என் பேனா பாதை மாறிவிட்டது.

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் பதிவு செய்த நலச்சங்கம் எதை எடுத்தாலும் இந்தச் சின்ன எழுத்து மனிதர் ஒருவர் இருப்பார். சம்பளம் கிடையாது. ஆண்டு விழாவில் ஒரு பொன்னாடை, அதையும் பொருளாளர் மறக்காமல் இருந்தால். மழைநீர்க் கால்வாயை மறித்துச் சுவர் எழுப்பினால் ஆட்சேபணை மனு எழுதுவது இவர். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் திடீரென்று மனையாகிவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் லேஅவுட் நகல் கேட்டு விண்ணப்பம் போடுவதும் இவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டு இல்லாமல், வேட்டியோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். மஞ்சள் பையோடு ஒரு அம்மா வருவார்.

இப்படிப்பட்டவர் பத்திரம் படிக்கும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். முதல் பக்கத்தைத் தொட மாட்டார். நேராகக் கடைசிக்குப் போய்ச் சொத்து விவரத்தில் நிற்பார். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, அளவு. அதன் பிறகு வில்லங்கச் சான்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டுவார். எழுதிக் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர் எல்லாம் பிறகுதான்.

"வக்கீல் சார், கேஸ் போட்டுடலாமா?"

"கேஸ் எதுக்கும்மா? பத்திரம் சரியா இருக்கு. பட்டாதான் இன்னும் பழைய ஆள் பேர்லயே இருக்கு. முதல்ல பேர் மாத்த எழுதிப் போடுங்க. கோர்ட்டுக்கு வந்தா எனக்குத்தான் லாபம், உங்களுக்கு இல்ல."

வழக்கு வேண்டாம் என்று சொல்லும் வக்கீலை ஊர் கடைசிவரை மறப்பதில்லை. அவர் இறந்தால் சங்க அறையில் படத்திறப்பு நடக்கும். பேசுகிற அத்தனை பேரும் அவர் ஜெயித்த வழக்கைச் சொல்ல மாட்டார்கள். தங்களைப் போட விடாமல் தடுத்த வழக்கைத்தான் சொல்வார்கள். இந்தத் தொடரே அந்தப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பிறந்தது.

சரி, லெட்டர்பேடுக்கு வருகிறேன். அந்தப் பதிவு எண் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வந்தது. ஒரு தெருக்காரர்கள் கூடிச் சங்கம் வைக்கிறார்கள், அதிகாரிக்குப் பிடிக்காத மனுவாக எழுதித் தள்ளுகிறார்கள். நாளைக் காலையில் அரசாங்கம் ஒரு அறிவிப்பு போட்டு "உங்கள் சங்கம் சட்டவிரோதம்" என்று சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவன் 1950இல் போய் விழுந்தேன். அங்கே நம் சென்னை வக்கீல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்: வி.ஜி. ராவ்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாருக்கும் இந்தப் பெயர் மனப்பாடம். 'மதராஸ் மாநிலம் எதிர் வி.ஜி. ராவ்', 1952. அடிப்படை உரிமைகளுக்கு அரசு போடும் கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்ப்பதற்கு எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. மனப்பாடம் செய்தவர்களில் பலர் கவனிக்காத சங்கதி, தலைப்பில் உள்ள அந்த ராவ் ஒரு பாரிஸ்டர் என்பது. வாதாடிய வக்கீலின் பெயர் வழக்குக்கு வருவதில்லை, கட்சிக்காரர் பெயர்தான் வரும். இங்கே வக்கீலே கட்சிக்காரர்.

மக்கள் கல்விச் சங்கம் என்று ஒன்று. ராவ் அதன் பொதுச் செயலாளர். 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. அதன் நோக்கங்களைப் படித்தால் நம் நலச்சங்க விதிமுறைகளை விடச் சாதுவாக இருக்கும்: அறிவியலைப் பரப்புவது, சமூக அரசியல் விஷயங்களை மக்கள் புரிந்துகொள்ள உதவுவது, கலை, இலக்கியம், நாடகத்தை வளர்ப்பது. ஆனால் காலம் சாதுவான காலமல்ல. கம்யூனிஸ்ட் கட்சி மதராஸ் மாகாணத்தில் தடை செய்யப்பட்டிருந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் செத்துப் போனார்கள். அடுத்த மாதம், மார்ச் 10ஆம் தேதி, மக்கள் கல்விச் சங்கம் சட்டவிரோதமானது என்று அரசு உத்தரவு போட்டது. சங்கத்தின் பணம் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போகிறது என்பது அரசின் குற்றச்சாட்டு. பயன்படுத்திய சட்டம் 1908ஆம் வருஷத்தது. வெள்ளைக்காரன் சுதேசிக்காரர்களை அடக்கக் கொண்டுவந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து முழுதாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ராவ் ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் மாதம், அரசு அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தி ஓட்டையை அடைக்கப் பார்த்தது. சங்கத்துக்காரர்கள் ஆட்சேபணை தெரிவிக்கலாம், அதை ஒரு ஆலோசனைக் குழு பரிசீலிக்கும் என்று சேர்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவின் முன்னால் சங்கத்துக்காரர் நேரில் போய்ப் பேச முடியாது. வக்கீலையும் அனுப்ப முடியாது. அரசு அனுப்பும் கட்டையும் இவர்கள் எழுதி அனுப்பும் தாளையும் வைத்துக்கொண்டு அவர்களே முடிவு செய்வார்கள்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்த இடம் இனிமேல்தான் வருகிறது. சங்கம் சட்டவிரோதம் என்கிற உத்தரவு உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டுமே, எப்படித் தெரியும்? கெசட்டில் போடுவார்கள். அவ்வளவுதான். வீட்டுக்குக் கடிதம் கிடையாது, சங்கக் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கெசட்டில் அச்சான நாளிலிருந்து, அந்தச் சங்கத்தில் உறுப்பினராகத் தொடர்ந்தால் 6 மாதம் வரை சிறை. நிர்வாகியாக இருந்தால் 3 வருஷம் வரை. சங்கத்தின் சொத்தையும் அரசு எடுத்துக்கொள்ளலாம்.

சேலையூரில் எத்தனை பேர் வீட்டில் கெசட் வாங்குகிறோம்? பெயர் மாற்றத்துக்கும் சாதிச் சான்றுச் சிக்கலுக்கும் தவிர அதன் முகத்தைப் பார்த்தவர் யார்? சந்தா கட்டிவிட்டு மறந்துபோன ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சங்கம் தடை செய்யப்பட்டதே தெரியாமல் அடுத்த மாதச் சந்தாவை மணியார்டரில் அனுப்பியிருந்தால்? சட்டப்படி அவர் குற்றவாளி. இந்த வாத்தியார் என் கற்பனைதான். அவர் மாட்டிக்கொள்ளும் ஆபத்து கற்பனையல்ல; உறுப்பினர்களுக்கு முறையாகத் தெரிவிக்க வழியே இல்லாததைக் குறை என்று நீதிபதிகளே சுட்டிக்காட்டினார்கள்.

1950 செப்டம்பர் 14இல் சென்னை உயர் நீதிமன்றம் ராவ் பக்கம் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, தலைமை நீதிபதி ராஜமன்னார். அரசு விடவில்லை, டெல்லிக்குப் போனது. 1952 மார்ச் 31இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, அவரும் மதராஸில் வக்கீல் தொழில் பார்த்தவர். அந்த ஐவரில் சந்திரசேகர ஐயரும் நம்ம ஊர்க்காரர். சங்கம் அமைக்கும் உரிமை எவ்வளவு பெரியது, அதைப் பறிக்கும் வழி எவ்வளவு ஒருதலையானது, அதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தப் பிரிவு செல்லாது என்றார்கள்.

பத்தே நாளில், ஏப்ரல் 10ஆம் தேதி, மதராஸ் முதலமைச்சராகப் பதவியேற்றவர் ராஜாஜி. கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று பகிரங்கமாகச் சொன்னவர், சேலத்தில் பெயர் பெற்ற வக்கீலாக இருந்தவர். அந்தத் தீர்ப்பை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. அதற்கும் இந்த அத்தியாயத்துக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ராவின் 'ராவ் அண்டு ரெட்டி' அலுவலகம் தொழிலாளிகள், ஏழைகள் வழக்குகளுக்குப் பேர்போனது. சட்ட உதவிக்கென்று நாட்டில் தனிச்சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த வேலையைச் செய்தது. அங்கே ஜூனியராகச் சேர்ந்து எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர்தான் பிற்பாடு நீதிபதியான கே. சந்துரு. 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 1993இல் ராஜாக்கண்ணு வழக்கில் ஆட்கொணர்வு மனு போட்ட வக்கீல்.

இங்கேதான் நம் பேட்டை உள்ளே வருகிறது. சந்துரு பட்டப்படிப்பை முடித்த இடம் தாம்பரம் கிறித்துவக் கல்லூரி. லயோலாவில் மாணவர் போராட்டத்துக்குத் தலைமை தாங்கி, அங்கிருந்து வெளியேற நேர்ந்து, மூன்றாம் ஆண்டுக்கு இங்கே வந்தார். படித்தது தாவரவியல். 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்த கல்லூரி அது. அதன் விடுதிகளில் ஒன்றின் பெயரே சேலையூர் ஹால். மரங்களுக்கு நடுவே தாவரவியல் படித்த பையன் கம்யூனிஸ்ட் ஊழியராகி, 1973இல் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, நெருக்கடி நிலைக் காலத்தில் வக்கீல் தொழிலே கதி என்று முடிவு செய்தார். ராவின் அலுவலகத்து வழி சந்துரு மூலமாகத் தாம்பரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

நினைவுகூரல் பற்றிச் சொன்னேன் அல்லவா. உயர் நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயருக்குச் சிலை உண்டு, பாஷ்யம் ஐயங்காருக்கும் உண்டு. ஓய்வு பெறும் நீதிபதிக்குப் பிரிவு உபசார விழா, விருந்து, குழுப் படம் என்று மரபு இருக்கிறது. 2013 மார்ச் 8இல் ஓய்வு பெற்ற சந்துரு அந்த விழாவே வேண்டாம் என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டார். அதற்கு முன் அப்படி மறுத்தவர் 1929இல் ஜாக்சன் என்ற நீதிபதி என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. சொத்துக் கணக்கை ஒப்படைத்தார், அரசு காரைத் திருப்பிக் கொடுத்தார், மின்சார ரயில் ஏறி வீட்டுக்குப் போனார். பாஸ் முன்பே வாங்கி வைத்திருந்தார். எனக்கு இதில் பிடித்தது அந்த பாஸ்தான். ஒரு நாள் படத்துக்காக ரயில் ஏறுகிறவர் டிக்கெட் எடுப்பார், பாஸ் எடுக்க மாட்டார்.

ஆசிரியர் போன் செய்துவிட்டார், பக்கம் கட்ட வேண்டுமாம். சட்ட உதவியை நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். 1987இல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தாம்பரம் நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் போடுங்கள். லோக் அதாலத்தில் சமரசமானால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துப் போடுமுன் அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் இரண்டு முறை யோசியுங்கள்.

நலச்சங்கக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டெல்லி வரை போன ராவ் வழக்கால் உங்கள் சங்கத்தை கெசட் மூலம் ஓசைப்படாமல் மூட முடியாது. நீங்களே மூடிக்கொண்டால் யாரும் காப்பாற்ற முடியாது. ஆண்டுப் பொதுக்குழு கூட்டாமல், தணிக்கைக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் வருஷக்கணக்கில் கிடக்கும் சங்கங்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தச் சின்ன எழுத்து மனிதரிடம் கேளுங்கள், தலையில் அடித்துக்கொள்வார்.

அடுத்த வாரம், அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவையே 2016 செப்டம்பரில் நிறுத்த வைத்த வழக்கைப் போட்ட வக்கீல், யானை ராஜேந்திரன். அந்தத் தடையால் தாம்பரம், சேலையூர், வண்டலூர் பக்கம் மனை விற்கக் காத்திருந்தவர்கள் பட்ட பாட்டை எழுதப் போகிறேன். அதற்குள் உங்கள் மனைப் பத்திரத்தை எடுத்து, மனை 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பதிவானதா பின் பதிவானதா என்று பார்த்து வையுங்கள்.

(தொடரும்)