பாரிஸ் மேடையேறிய அம்மணி: ஒரு தேவதாசியின் துயரம் நவீன நடனமான கதை

பூச்சோங்கில் பிள்ளைகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் பலருக்கு ‘லா பயாதேர்’ என்ற பெயர் புதிதாக இருக்கலாம். மேற்கத்திய பாலே நடனத்தின் மிகப் புகழ்பெற்ற படைப்புகளில் அதுவும் ஒன்று. இந்தியக் கோயில் ஒன்றில் ஆடும் பெண்ணின் காதலையும் சாவையும் சொல்கிறது. அந்த பாலே உருவாவதற்கு ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்பே, தமிழகத்திலிருந்து கப்பலேறி ஐரோப்பாவில் ஆடிய உண்மையான கோயில் நடனப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் அதிகம் பேசப்பட்டவர் அம்மணி.

2015-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டன் ராயல் ஓப்ரா ஹவுஸின் லின்பரி அரங்கில் அவரை மையமாக வைத்து ஒரு நவீன நடனம் அரங்கேறியது. ‘பயாதேர்: ஒன்பதாவது வாழ்க்கை’ என்பது அதன் பெயர். அதை உருவாக்கிய ஷோபனா ஜெயசிங் சென்னையில் பிறந்து, இலங்கையிலும் மலேசியாவிலும் வளர்ந்து, பிறகு பிரிட்டனில் குடியேறியவர். அம்மணியின் பாத்திரத்தை ஏற்று ஆடிய சூரஜ் சுப்பிரமணியம், நம் நாட்டின் சூத்ரா நடனக் குழுவில் ரம்லி இப்ராஹிமிடம் பயின்றவர். அதனால் இந்தக் கதையில் மலேசியத் தமிழர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஒப்பந்தத்தில் போனவர்கள்

1838-ஆம் ஆண்டு தார்திவேல் என்ற பிரெஞ்சு வியாபாரி புதுச்சேரியில் ஓர் ஒப்பந்தம் போட்டார். கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஐந்து நடனப் பெண்களையும் மூன்று இசைக் கலைஞர்களையும் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று ஆட வைப்பதுதான் ஏற்பாடு. தேவநாதப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர் அது.

குழுவில் மூத்தவர் தில்லம்மாள். அவருக்கு 30 வயது இருக்கும். அம்மணிக்கு 18. ரங்கம், சுந்தரம் இருவரும் பதின்ம வயதுச் சிறுமிகள். ஐந்தாவது பிள்ளைக்கு ஆறு வயதுதான். நட்டுவாங்கம் செய்தவர் பெயர் ராமலிங்கம். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயர்களைத் தங்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். ‘அமானி’ என்று அவர்கள் எழுதியதைத்தான் நாம் ‘அம்மணி’ என்று படிக்கிறோம்.

அந்தக் காலத்தை நம் தோட்டத்துக் குடும்பங்கள் எளிதில் புரிந்துகொள்ளும். மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் ஏற்றத் தொடங்கியது 1834-இல். பினாங்கு, புரோவின்ஸ் வெல்லஸ்லி கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் வரத் தொடங்கிய காலம் அதுதான். அம்மணியின் குழு போனது மேடைக்கு. மற்றவர்கள் போனது காட்டுக்கு. ஆனால் ஒரு தரகர், ஒரு தாள், ஒரு கப்பல், புரியாத மொழி பேசும் ஊர் ஆகியவை இரு தரப்புக்கும் பொது.

பாரிஸ் பார்த்தது என்ன?

1838 ஆகஸ்டில் பாரிஸின் வெரைட்டி அரங்கில் அவர்கள் ஆடினார்கள். அரசர் லூயி பிலிப்பின் முன்னிலையிலும் ஆடினார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் லண்டன் அடெல்ஃபி அரங்குக்குப் போனார்கள்.

பாரிஸ் மக்கள் அதற்கு முன்பே ‘பயாதேர்’ என்ற சொல்லை அறிந்திருந்தார்கள். நடனக்காரி என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. 1830-இல் பாரிஸ் ஓப்ராவில் மரி தாலியோனி என்ற பெரும் பாலே கலைஞர், வெள்ளை உடையில் நுனிக்காலில் நின்று ஓர் இந்திய நடனப் பெண்ணாக ஆடியிருந்தார். பாரிஸின் கற்பனையில் தேவதாசி என்றால் அந்த வெள்ளை உருவம்தான். வந்து நின்றவர்களோ அரைமண்டியில் தரையை மிதித்து, கண்ணாலும் கையாலும் பேசும் தமிழ்ப் பெண்கள்.

அவர்களைப் பற்றி மிக அதிகமாக எழுதியவர் கவிஞரும் விமர்சகருமான தியோஃபில் கோத்தியே. புகழ்பெற்ற ‘ஜிசெல்’ பாலேயின் கதையை எழுதியவர்களில் ஒருவர் அவர். அம்மணியின் தோல் நிறம், கண்கள், கூந்தல், நகைகள் என்று ஒவ்வொன்றாக வர்ணித்தார். வெண்கலச் சிலையோடு ஒப்பிட்டார். எழுத்தில் வியப்பு இருக்கிறது, பாராட்டு இருக்கிறது. ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போன்ற பார்வையும் அதில் இருக்கிறது. சிற்பி ழான் ஒகுஸ்த் பார் அம்மணியை நிஜமாகவே சிறிய வெண்கலச் சிலையாக வடித்தார்.

அம்மணி லண்டன் பனிமூட்டத்தில் மனம் சோர்ந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று பின்னாளில் எழுதியவரும் கோத்தியேதான். அவருடைய அழகைப் போலவே அவருடைய முடிவும் இன்னொருவர் பேனா வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பாலேயில் வந்த தேவதாசி

1877-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மாரியுஸ் பெதிபா ‘லா பயாதேர்’ பாலேயை அரங்கேற்றினார். நிக்கியா என்ற கோயில் நடனப் பெண், சோலோர் என்ற வீரனைக் காதலிக்கிறாள். தலைமைப் பூசாரி அவள்மேல் ஆசைப்படுகிறார். அரசரின் மகளுக்குச் சோலோரை மணமுடிக்க ஏற்பாடாகிறது. பூக்கூடையில் ஒளித்து வைத்த பாம்பு கடித்து நிக்கியா இறக்கிறாள். இன்றும் பெரிய பாலே குழுக்கள் இதை ஆடுகின்றன. அதில் ஆடையும் கோபுரமும் இந்தியச் சாயலில் இருக்கும். அடவு, அபிநயம், தாளம் எதுவும் நம்முடையதாக இருக்காது.

ஷோபனா ஜெயசிங் என்ன செய்தார்?

ஒரு மனிதரின் வாழ்க்கையை நடனமாக்குபவர்கள் பொதுவாகப் பிறப்பு முதல் இறப்பு வரை நிகழ்வுகளை வரிசையாகக் காட்டுவார்கள். அம்மணி விஷயத்தில் அதற்கு வழியில்லை.  இருப்பவை பெரும்பாலும் அவரைப் பார்த்தவர்கள் எழுதியவை. அதையே ஷோபனா நடனத்தின் பொருளாக்கினார்.

நடனம் இன்றைய லண்டனில் தொடங்குகிறது. ‘லா பயாதேர்’ பார்த்துவிட்டு வந்த ஓர் இந்திய இளைஞன், அந்தக் கதையைத் தன் நண்பரிடம் வேடிக்கையும் வியப்புமாகச் சொல்கிறான். பிறகு அந்த இளைஞனே அம்மணியாக மாறுகிறான். மற்ற ஆட்டக்காரர்கள் அவனைச் சூழ்ந்து பார்க்கிறார்கள், தொடுகிறார்கள், சோதிக்கிறார்கள். கோத்தியேயின் வர்ணனைகள் குரலாக ஒலிக்கின்றன. தாளில் படிக்கும்போது புகழ்ச்சியாகத் தெரிந்த சொற்கள், உயிருள்ள உடலின் மீது விழும்போது வேறு மாதிரி கேட்கின்றன. இசை கேப்ரியல் புரோகோஃபியெவ். ரஷ்ய இசை மேதை செர்கேய் புரோகோஃபியெவின் பேரன்.

பெண் பாத்திரத்துக்கு ஏன் ஆண் என்று சிலர் கேட்கலாம். தோட்டங்களில் திருவிழாவுக்கு நாடகம் போட்ட காலத்தில் பெண் வேடத்தை ஆண்களே கட்டியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பரதநாட்டிய அபிநயத்திலும் ஒரே கலைஞர் நாயகியாவார், தோழியாவார், மறுகணம் கண்ணனாவார். ஆகவே இது நமக்குப் புதிதல்ல. ஆனால் மேற்கத்தியப் பார்வையாளருக்கு இது ஒரு தடை போடுகிறது. ‘கீழை நாட்டு அழகி’ என்று ரசிக்கப் பழகிய கண்ணுக்கு, அந்த அழகி கிடைப்பதில்லை. பார்க்கும் தன் கண்ணைத்தான் அது யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் அரங்கேற்றங்களில் அம்மணி எங்கே?

அம்மணி பாரிஸில் ஆடிய அதே காலத்தில் வாழ்ந்தவர்கள்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று அரங்கேற்ற அழைப்பிதழில் அச்சாகும் வரிசை அவர்கள் வகுத்ததாகச் சொல்லப்படுகிறது. அதை ஆடிக் காப்பாற்றியவர்கள் அம்மணியைப் போன்ற பெண்கள்.

அவர்களுடைய வாழ்க்கையில் மதிப்பும் இருந்தது, சுரண்டலும் இருந்தது. கோயில் மானியமும் கல்வியும் இசையும் ஒரு பக்கம். செல்வந்தர்களின் தயவில் வாழ வேண்டிய நிலையும், சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கமும் மறுபக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதை எதிர்த்துப் போராடினார். அந்த வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடினார். 1947-இல் மதராஸ் மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1930-களில், ‘சதிர்’ என்ற பழைய பெயர் விலகி ‘பரதநாட்டியம்’ என்ற பெயர் நிலைத்தது. நடனம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்தது. அதைத் தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்த குடும்பங்களில் பல மேடையை இழந்தன.

மலேசியாவுக்கு இந்த நடனம் பெரும்பாலும் வந்தது அந்த மாற்றத்துக்குப் பிறகுதான். 1981-இல் தொடங்கிய டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸும், ரம்லி இப்ராஹிம் நிறுவிய சூத்ராவும் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியுள்ளன. ரம்லியே அடையாறு கே. லட்சுமணனிடம் பரதம் கற்றவர். லட்சுமணன் கலாக்ஷேத்ராவில் பயின்றவர். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய தேவதாசி கௌரி அம்மாள். இந்தக் குரு பரம்பரையில் பின்னோக்கிப் போனால் கோயில் வாசலில்தான் போய் நிற்போம்.

அரங்கேற்ற மலரில் குருவுக்கும் பெற்றோருக்கும் நன்றி சொல்லும் பக்கம் எப்போதும் இருக்கும். அதில் சதிர் ஆடிய பெண்களுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம். கௌரி அம்மாள், தில்லம்மாள், அம்மணி என்று பெயர் சொல்லியே எழுதலாம். மேடையில் நிற்கும் பிள்ளை அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு ஆடட்டும்.