திருகினாலும் ஒளிபரப்பு மாறாது: ரேக் ஆடியோ மானிட்டர்

தொலைக்காட்சி நிலையக் கட்டுப்பாட்டு அறைகளிலும் வெளிப்புற ஒளிபரப்பு வேன்களிலும் 19 அங்குல ரேக்கில் பொருத்தப்படும் கருவி இது. ஒரு ரேக் அலகின் உயரம் 44.45 மில்லிமீட்டர். ஸ்பீக்கர்கள், மீட்டர்கள், பொத்தான்கள் எல்லாம் இப்படி ஓரிரு அலகுகளுக்குள் அடங்கியாக வேண்டும். எனவே இதனிடம் இனிமையை எதிர்பார்க்காதீர்கள். ஒலி வருகிறதா, உரிய சேனலில் வருகிறதா என்று காவல் காப்பதே இதன் வேலை.

ஒரே எஸ்டிஐ (டிஜிட்டல் வீடியோ) கேபிளில் படத்தோடு பொதுவாக 16 ஒலிச் சேனல்கள் வரை வரும். எதைக் கேட்பது என்பதை முன்பக்கத் தேர்வுப் பொத்தான்கள் தீர்மானிக்கின்றன. வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினால் இந்த அறைதான் அமைதியாகும். நேயர் வீட்டில் ஒலி குறையாது. மீட்டர் விளக்குகளும் வழக்கம்போல ஏறி இறங்கும், ஏனெனில் அவை பொதுவாகக் குமிழுக்கு முந்தைய சிக்னலையே அளக்கின்றன. மியூட் பொத்தானும் இந்த அறையை மட்டுமே அமைதியாக்கும்.

நின்று பார்க்க வேண்டியது ஃபேஸ் (phase) மீட்டரை. +1 பக்கம் இருந்தால் இடமும் வலமும் ஒத்துப்போகின்றன. −1 பக்கம் சாய்ந்தால், ஒரு கேபிளில் இரண்டு கம்பிகள் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கலாம். ஸ்டீரியோவில் கேட்பவருக்கு ஏதோ நெருடும், அவ்வளவுதான். ஒற்றை ஸ்பீக்கர் டிவியிலோ இரு சேனல்களும் கூடும்போது ஒன்றையொன்று அழித்துவிடும்: பின்னணி இசை ஓரளவு மிஞ்சும், செய்தி வாசிப்பவரின் குரல் காணாமல் போகும். இதைக் காதால் உறுதிசெய்யத்தான் பல மாடல்களில் மோனோ பொத்தான் இருக்கிறது.