நீங்க வரலைன்னா யார் தேடுவாங்க?

ஒரு சின்ன டெஸ்ட் பாஸ். பேனா, பேப்பர் எல்லாம் வேண்டாம். மனசுக்குள்ள பதில் சொன்னா போதும்.

உங்க காலேஜ்ல சிம்போசியம். பேர் கொடுத்திருக்கீங்க. அன்னைக்குப் பார்த்து நல்லா இழுத்துப் போர்த்திட்டுத் தூங்கிட்டீங்க. என்ன நடக்கும்? மைக்ல உங்க டீம் பேரை மூணு தடவை கூப்பிடுவாங்க. அப்புறம் 'நெக்ஸ்ட்!'. அவ்ளோதான்.

அடுத்தது. உங்க சொந்த ஊர்ல குலசாமி கும்பிடு. நீங்க போகலை. காலையில ஆறு மணிக்கே போன் அலற ஆரம்பிச்சிடும். "எங்கடா இருக்கே?" என்று சித்தப்பா. "பொங்கப் பானையை இறக்கி வைக்க ஆளில்லாம நிக்கிறோம், நீ அங்க என்னடா பண்றே?" என்று அத்தை. அதோட முடியுமா? அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "அந்த வருஷம்தான் நீ வரலையே" என்று ஆரம்பிப்பார்கள்.

'நிகழ்ச்சி என்றால் என்ன? திருவிழா என்றால் என்ன? வேறுபடுத்துக' என்று யூனிவர்சிட்டி பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வி வந்தால் நான் இதைத்தான் எழுதுவேன். நிகழ்ச்சிக்கு நடத்துகிறவர் ஒரு பக்கம், பார்க்கிறவர் இன்னொரு பக்கம். நடுவுல ஒரு மேடை, முடிஞ்சா ஒரு தடுப்புக் கட்டை. திருவிழாவில் அந்தக் கட்டை இல்லை. வர்றவங்க எல்லாருக்கும் கையில ஏதோ ஒரு வேலை இருக்கும். அதனாலதான் வராதவனைத் தேடுறாங்க. (எங்க ஹெச்.ஓ.டி. இந்தப் பதிலுக்கு அரை மார்க் கூடப் போட மாட்டார். அது வேற விஷயம்!)

நிகழ்ச்சின்னா மட்டம்னு சொல்ல வரலை. 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடை எடுத்துக்கோங்க. சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். வேட்டி கட்டின குதிரை 'தம்பி'யை யாரால மறக்க முடியும்? பதினாறு வயசுல அங்கே முதல் போர்டில் தங்கம் வாங்கின குகேஷ், 2024-ல் உலக சாம்பியன். நல்ல நிகழ்ச்சி போன பிறகும் ஏதாவது விட்டுட்டுப் போகும். மோசமான நிகழ்ச்சி? 2023 செப்டம்பரில் ஈ.சி.ஆர்.-ல் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியில், டிக்கெட் வாங்கின பலரால் உள்ளேயே போக முடியலை. கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிகழ்ச்சியில் அது நியாயமான கணக்கு. காசு கொடுத்தேன், பார்க்க முடியலை, காசைக் கொடு.

திருவிழாவில் யாரிடம் போய் ரீஃபண்ட் கேட்பீங்க? டிக்கெட்டே இல்லையே!

சரி, மதுரைக்கு வாங்க. சித்திரைத் திருவிழாவை ஒரு தடவை கூட்டத்துக்குள்ள நின்னு பார்த்திருந்தால், நான் சொல்றது பாதி புரிஞ்சிருக்கும். பார்க்காதவங்களுக்காக மீதியையும் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம், இது ரெண்டு திருவிழா. மீனாட்சிக்கும் சொக்கருக்கும் நடக்கிற கல்யாணம் முன்பு மாசி மாசத்துல நடந்ததாம். தேர் ஓடுகிற வீதிகளுக்கு இன்னைக்கும் மாசி வீதின்னுதான் பேரு. அழகர்மலையிலிருந்து அழகர் கிளம்பி வந்து, சோழவந்தான் பக்கம் தேனூரில் வைகை ஆற்றில் இறங்குவது தனித் திருவிழா. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் ரெண்டையும் சித்திரையில், மதுரையில் ஒண்ணு சேர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிற வரலாறு. ஏன் சேர்த்தார்? சைவ, வைணவ ஒற்றுமைக்காக என்று ஒரு பதில். இன்னொரு பதில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மீனாட்சி தேர் அவ்வளவு பெருசு, இழுக்க ஆள் பத்தலை. சித்திரையில் அறுவடை முடிஞ்சு சும்மா இருக்கிற கிராமத்து ஜனங்க அழகரோட வந்தால் தேரும் நகரும். ராஜாவுக்கு மேன்பவர் பிரச்னை. அதைத் தீர்த்த விதத்தைப் பாருங்க, அடடா!

அப்புறம் ஜனங்க தாங்களாகவே ஒரு கதை சொல்லிக்கிட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துக்குச் சீரோட கிளம்பி வந்த அண்ணன் அழகர், லேட்டாகிட்டார். தாலி கட்டியாச்சுன்னு கேள்விப்பட்டுக் கோவிச்சுக்கிட்டு, ஊருக்குள்ள வராம ஆற்றோட அப்படியே வண்டியூருக்குப் போயிட்டார். கோயில் புராணத்தில் இது கிடையாது. அங்கே அவர் வருவது மண்டூக மகரிஷிக்குச் சாபம் தீர்க்க. ரெண்டு கதைக்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளியைப் பேராசிரியர் தொ.பரமசிவன் 'அழகர் கோயில்' என்கிற ஆய்வு நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார். லைப்ரரியில் கிடைச்சா விடாதீங்க. ரெஃபரன்ஸ் புக்னு நினைச்சுத்தான் எடுத்தேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கீழே வைக்கலை. வண்டியூரில் அழகருக்குத் துலுக்க நாச்சியார் என்று ஒரு துணையையும் ஜனங்களே சேர்த்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கோங்க. ஒரு அண்ணனோட கோபத்துக்குள்ள சைவம், வைணவம், இஸ்லாம் மூணுக்கும் இடம் பிடிச்சுக் கொடுத்தவங்க எந்தக் கமிட்டி மீட்டிங்கும் போடலை.

வேலைன்னு சொன்னேன் இல்லையா? கல்யாணத்துக்கு முந்தின நாள் சேதுபதி பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்க. கல்யாண விருந்துக்குக் காய் நறுக்க, கூப்பிடாமலே ஜனங்க கத்தி, அரிவாள்மனையோட வந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் விருந்து சாப்பிட்டுட்டு மொய் வேற எழுதுவார்கள். சாமிக்கே மொய்! திருமாங்கல்யம் கட்டுகிற அதே நேரத்தில் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். அந்த நிமிஷம் மதுரையில் ஒரு கல்யாணம் இல்லை, ஆயிரக்கணக்கில் நடக்குது.

அழகர் பக்கம் வந்தால் இன்னும் கலக்கல். மலையிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். வழியில் நானூறுக்கும் மேலே மண்டகப்படிகள். ஒவ்வொண்ணும் ஒரு குடும்பம், ஒரு தெரு, ஒரு வியாபாரிகள் சங்கம்னு யாரோ பொறுப்பெடுத்த இடம். அழகர் அங்கே நின்னுட்டுத்தான் நகருவார். அழகர் மாதிரியே வேஷம் கட்டி, ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி அடிக்கிறவங்க ஒரு கூட்டம். செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் மூடி, மேலே சூடம் ஏத்தி நிக்கிறவங்க இன்னொரு கூட்டம். எதுவுமே முடியாதவங்க வீட்டு வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு மோர் ஊத்துவாங்க. ஆண்டாள் சூடின மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து சேரும். எழுபது கிலோமீட்டர் தள்ளி வைகை அணையில் நீர்வளத்துறைக்காரர்கள் கணக்குப் போட்டுத் தண்ணீர் திறப்பார்கள், அழகர் இறங்குகிற விடியற்காலையில் அது மதுரைக்கு வந்திருக்கணும்.

இன்ஜினீயரிங் படிக்கிற பையன் என்கிற முறையில் இதில் எனக்கு ஒரு தனி மயக்கம். எங்க கல்ச்சுரல்ஸில் ஒரு ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் மொத்த ஆடிட்டோரியமும் இருட்டு, கோஆர்டினேட்டர் கண்ணில் தண்ணீர். இங்கே மெயின் ஸ்விட்சே கிடையாது! ஒரு பந்தலில் மோர் தீர்ந்தால் நாலு அடி தள்ளி இன்னொண்ணு. சின்னச் சின்னப் பொறுப்பாகப் பிரிச்சுக் கொடுத்திருப்பதால், ஒருத்தர் கை ஓய்ந்தாலும் மொத்தமும் விழறதில்லை.

இதை ஒரு கொடுமையான லேப் டெஸ்ட்டிலும் பார்த்தாச்சு. 2020, கொரோனா. நாலைந்து பட்டர்கள் மட்டும் நின்று மீனாட்சி கல்யாணத்தை நடத்த, ஜனங்க வீட்டிலிருந்தே நேரடி ஒளிபரப்பில் பார்த்தார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அழகர் ஆற்றுக்கே வரவில்லை. என் தியரிப்படி, திரையில் வந்த உடனே அது வெறும் நிகழ்ச்சியாகிப் போயிருக்கணும் இல்லையா? ஆகலை. டி.வி.க்கு முன்னாடி, செல்போனுக்கு முன்னாடி, பெண்கள் குளிச்சு முழுகி உட்கார்ந்து, சரியாக அந்த முகூர்த்தத்தில் கயிறு மாத்திக்கிட்டாங்க. மேடை போச்சு, வீதி போச்சு. கையில இருந்த வேலை மட்டும் போகலை.

ரொம்பப் புகழ்ந்துட்டேனோ? இப்போ கசப்பு மாத்திரை.

மெயின் ஸ்விட்ச் இல்லைன்னு சந்தோஷப்பட்டேனே, அதற்கு விலையும் உண்டு. 2022 ஏப்ரல் 16 அன்று, ரெண்டு வருஷம் கழிச்சு அழகர் ஆற்றில் இறங்கினதைப் பார்க்க வந்த கூட்ட நெரிசலில் ரெண்டு பேர் இறந்து போனார்கள். தடுப்பு, வெளியேறும் வழி, ஓரிடத்தில் எத்தனை பேர் நிக்கலாம் என்கிற கணக்கு எல்லாம் நல்ல நிகழ்ச்சி நடத்துகிறவங்களுக்குக் கைவந்த கலை. இதைத் திருவிழா கத்துக்கிட்டே ஆகணும். 'சாமி பார்த்துப்பார்' என்கிற பேச்செல்லாம் வேலைக்காகாது. ஆட்டுத்தோல் பைக்குப் பதிலாக உயர் அழுத்த பம்ப் வைத்துத் தண்ணீர் அடிக்க ஆரம்பித்து, 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டுத் தடை போட வேண்டியிருந்தது. தோல் பை மனுஷன் மூச்சுக்கு அடங்கினது. பம்ப்பை ஆன் பண்ணினவனுக்கு எதிரில் நிக்கிறது கிழவியா, குழந்தையான்னு தெரியாது.

அடுத்தது இன்னும் கசப்பு. தமிழில் நாம எல்லாரும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணினால் என்ன சொல்வோம்? 'ஊர் கூடித் தேர் இழுத்தோம்'. அழகான சொலவடை. ஆனா அதுல 'ஊர்'னா யாரு?

தேவகோட்டை பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில், கண்டதேவி. அங்கே சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேர், நாலு நாட்டார்கள் வடம் பிடிக்கிற தேர். 1998-ல் தலித் மக்கள் 'நாங்களும் வடம் பிடிப்போம்' என்று உரிமை கேட்டபோது தேர் நின்றது. அப்புறம் கோர்ட், பேச்சுவார்த்தை, போலீஸ், கும்பாபிஷேகம், பழுது என்று வருஷங்கள் ஓடின. 2024 ஜூனில், உயர் நீதிமன்றம் வரைக்கும் போன பிறகு, 17 வருஷம் கழித்து, பெரிய போலீஸ் பாதுகாப்போட மறுபடி ஓடியது. 17 வருஷம் பாஸ்! அப்போ பிறந்த குழந்தை பிளஸ் டூ முடிச்சிருக்கும். சிலரோட கை வடத்தில் படக் கூடாதுங்கிறதுக்காக, எல்லாரும் சேர்ந்து தேரே இல்லாம இருந்த ஊர்.

திருவிழாவில் எல்லாருக்கும் வேலை இருக்கும்னு பெருமையா எழுதினேனே, அங்கே ஒரு சொல்லைச் சேர்த்துக்கோங்க. வேலை வேற, பங்கு வேற. பறை அடிக்க, பந்தல் போட, குழி வெட்டக் கூப்பிட்ட ஆளை வடத்துக்கிட்ட மட்டும் விடலைன்னா, அது அந்த ஆளுக்குத் திருவிழா இல்லை. அன்னைக்குக் கூலி வேலை, அதுவும் பல இடத்துல சம்பளமே இல்லாத கூலி. உங்க ஊர்த் திருவிழா சமூகத்துக்கு நல்லது பண்ணுதா, கெட்டது பண்ணுதா என்று பெரிய பெரிய புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம். வடம் எங்கே ஆரம்பிக்குது, யார் கையில முடியுதுன்னு நின்னு பாருங்க. மண்டகப்படி லிஸ்ட்டில் எந்தத் தெரு பேர் இருக்கு, எது இல்லைன்னு பாருங்க. இல்லாத தெருவில் போய்க் கேட்டால், அவங்க தனியா ஒரு திருவிழா நடத்திக்கிட்டு இருப்பாங்க. அந்தத் திருவிழாவோட பேரே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

மதுரைக்கே திரும்ப வந்து ஒண்ணு சொல்லிடறேன். அழகர் ஆற்றில் இறங்கி, கூட்டம் வண்டியூர்ப் பக்கம் நகர்ந்த பிறகு, வைகைக் கரையில் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. காகித டம்ளர், பாக்கு மட்டைத் தட்டு, அறுந்த செருப்பு, வாழை இலை. தொப்பலாக நனைஞ்ச ஜனங்க சிரிச்சுக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பாங்க. எதிர்த் திசையில, தள்ளுவண்டியும் துடைப்பமுமாக மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் வருவாங்க. முதல் நாள் ராத்திரியிலிருந்தே டூட்டியில் இருப்பவர்கள். எத்தனையோ பந்தல் இருக்கு. அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் மோர் தீர்ந்து, பானையைக் கவிழ்த்து வெச்சிருப்பாங்க.

எங்க தெருப் பையன்களிடம் இதைச் சொன்னேன். "ஒரு பானையை எடுத்து வெச்சா என்னடா, பத்து மணிக்கு மேல ஊத்தலாம்?" என்றான் ஒருத்தன். யார் பானை, யார் காவல் என்பதில் இப்போதைக்குச் சண்டை போயிட்டிருக்கு.